ஆட்டத்தில் சேர்தல்: இடம்பெயரும் குழந்தைகளும் புதிய நட்பும்

வீடு மாறும் குடும்பம் எதை எடுத்துப் போகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கட்டில், பீரோ என்று பட்டியல் போட்டுத்தான் வண்டி ஏற்றுவார்கள். வீட்டிலுள்ள பிள்ளை யாரை விட்டுவிட்டு வருகிறது என்பதற்குப் பட்டியல் கிடையாது. "சின்னப் பிள்ளைதானே, நாலு நாளில் பழகிவிடும்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுவோம்.

பல பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். சிலர் பழகுவதில்லை என்பதும் உண்மை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை முக்கால் நூற்றாண்டாக உளவியலாளர்களும் சமூகவியலாளர்களும் ஆராய்ந்துவருகிறார்கள். அவர்களின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. புதிய இடத்தில் பிள்ளைக்கு நட்பு அமைவதில் அதன் துணிச்சலுக்கும் பேச்சுத் திறனுக்கும் ஓரளவு பங்குண்டு. அதைவிடப் பெரிய பங்கு மூன்று விஷயங்களுக்கு இருக்கிறது: அடிக்கடி கண்ணில் படும் இடம், அவசரமில்லாத நேரம், சேர்ந்து செய்ய ஒரு வேலை. இந்த மூன்றும் பிள்ளையின் கையில் இல்லை. பெற்றோர், பள்ளி, அரசு ஆகியோரின் கையில் இருக்கின்றன. சென்னையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரின் விளிம்புக்கு அனுப்பிய மறுகுடியமர்வைக் கொண்டு இந்த வாதத்தை உரசிப் பார்க்கலாம்.

எந்த வயதில் வலிக்கிறது?

டென்மார்க்கில் ஒவ்வொருவருடைய முகவரி மாற்றமும் அரசுப் பதிவேட்டில் ஏறும். 1971-க்கும் 1997-க்கும் இடையில் அங்கே பிறந்த சுமார் 14 லட்சம் பேரின் பதிவுகளை ரோஜர் வெப் தலைமையிலான குழு ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டது. சிறுவயதில் ஊர் எல்லை தாண்டி இடம்பெயர்ந்தவர்களிடம் தற்கொலை முயற்சி, வன்முறைக் குற்றம், மனநோய், போதைப் பழக்கம் ஆகியவை பிற்காலத்தில் கூடுதலாகக் காணப்பட்டன. இடம்பெயர்ந்த வயது கூடக் கூட ஆபத்தும் கூடியது. 12 முதல் 14 வயதில் மாறியவர்களிடம் அது உச்சத்தில் இருந்தது. வசதியுள்ள குடும்பம், ஏழைக் குடும்பம் இரண்டிலுமே இந்தப் போக்கு தெரிந்தது. இடமாற்றம் மட்டுமே காரணம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. மணமுறிவு, வேலையிழப்பு போன்ற துன்பங்களும் குடும்பங்களை இடம்பெயர வைக்கின்றன. ஆனால் வயதுக்கும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பைப் புறந்தள்ள இயலாது.

அமெரிக்காவிலிருந்து வரும் சான்று வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1994 முதல் 1998 வரை ஐந்து பெருநகரங்களில் பொதுக் குடியிருப்புகளில் வாழ்ந்த சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த இடங்களுக்குப் போக வாடகை உதவி கொடுத்தார்கள். ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள் அந்தக் குடும்பப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு கணக்குப் பார்த்தார்கள். 13 வயதுக்குள் இடம்பெயர்ந்தவர்கள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த வயதைத் தாண்டி மாறியவர்களுக்குப் பலன் கிட்டவில்லை. சற்று இழப்பே ஏற்பட்டது. ஆக இடம் மாறுவது எப்போதும் கெடுதல் என்று சொல்ல முடியாது. எங்கே போகிறோம், எந்த வயதில் போகிறோம் என்பவைதான் பலனைத் தீர்மானிக்கின்றன.

வயதோடு சுபாவமும் சேர்கிறது. ஷிகெஹிரோ ஓய்ஷி, உல்ரிக் ஷிம்மாக் இருவரும் 7,108 அமெரிக்கர்களை ஆராய்ந்து 2010-இல் எழுதினார்கள். சிறுவயதில் பலமுறை வீடு மாறியவர்களுக்குப் பெரியவர்களான பிறகு மனநிறைவும் நெருங்கிய உறவுகளும் குறைவாக இருந்தன. இந்தக் குறை தனிமையை நாடும் சுபாவம் கொண்டவர்களிடமே தெரிந்தது. கலகலப்பானவர்களிடம் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே வீட்டில் அக்கா பத்து நாளில் தோழிகளோடு திரிய, தம்பி அரையாண்டுத் தேர்வு வரை ஜன்னலோரம் நிற்பதற்கு இது ஒரு விளக்கம். "அவளைப் பார்த்துக் கத்துக்கோ" என்று சொல்வதால் அந்தத் தம்பிக்கு ஒரு பயனும் இல்லை.

விளிம்பில் நிற்கும் பிள்ளை

புதிய பிள்ளை விளையாட்டில் எப்படி நுழைகிறது என்பது இத்துறையில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட கேள்விகளில் ஒன்று. நம் தெருக்காட்சியாகவே அதைப் பார்க்கலாம். நான்கு பையன்கள் ஸ்டம்புக்குப் பதிலாகச் செங்கல் அடுக்கி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக வந்தவன் மின்கம்பத்தில் சாய்ந்து பார்க்கிறான். "நானும் ஆட்டைக்கு வரட்டாடா?" என்று கேட்கிறான். "ஆள் ஃபுல்லு" என்று பதில் வருகிறது. அவன் வீட்டுக்குப் போய்விடுகிறான். "யாரும் சேர்த்துக்க மாட்டேங்கறாங்க" என்று அம்மாவிடம் சொல்கிறான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கோர்சாரோ பாலர் பள்ளிகளில் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் கவனித்தவர். அவர் கண்டது இது: "நானும் வரலாமா?" என்று நேராகக் கேட்டால் மறுப்புதான் பெரும்பாலும் வரும். அந்த மறுப்பில் வெறுப்பு இல்லை. குழந்தைகளின் விளையாட்டு எந்த நொடியும் கலைந்துபோகக் கூடியது. பாடுபட்டுக் கட்டிய விளையாட்டைக் காப்பாற்றிக்கொள்ளவே அவர்கள் புதியவரைத் தடுக்கிறார்கள். வெற்றி பெறுகிற பிள்ளை முதலில் சுற்றி வந்து பார்க்கும். என்ன ஆட்டம் நடக்கிறது என்று புரிந்துகொள்ளும். பிறகு ஒன்றும் கேட்காமல் அந்த ஆட்டத்துக்குப் பொருந்தும் ஒரு காரியத்தைச் செய்யும். சாக்கடை ஓரம் உருண்ட பந்தை ஓடிப்போய் எடுத்து வீசுகிற பையன் இந்த வகை. மூன்றாவது முறை அவன் பந்தை எடுத்துத் தரும்போது "டேய், நீ அங்கயே நில்லுடா" என்பார்கள். அவன் ஃபீல்டர் ஆகிவிட்டான்.

மார்த்தா புட்டல்லஸ், ஜான் காட்மன் ஆகியோர் 1981-இல் வெளியிட்ட ஆய்வும் இதை உறுதிசெய்கிறது. வகுப்பில் பலருக்கும் பிடித்த பிள்ளைகள், பிடிக்காத பிள்ளைகள் இரு சாராரையும், ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருந்த இருவரோடு போய்ச் சேரச் சொன்னார்கள். பலருக்கும் பிடித்தவர்கள் நடந்துகொண்டிருந்த பேச்சை ஒட்டியே பேசி நுழைந்தார்கள். மற்றவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னார்கள், கேள்விகள் கேட்டார்கள், கருத்துச் சொன்னார்கள், மறுத்துப் பேசினார்கள். ஆடுபவர்களின் கவனத்தைத் தம் பக்கம் இழுக்கப் பார்த்து வெளியே நின்றார்கள். "போய் உன் பேரைச் சொல்லு, உன் பொம்மையைக் காட்டு" என்று நாம் கொடுக்கும் யோசனை, தோற்கிற வழியைக் கற்றுக்கொடுக்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகள் இதற்கு ஓர் ஏற்பாட்டைத் தாங்களே வைத்திருந்தார்கள். ஆட்டம் தெரியாத சிறுவனையோ ஊருக்குப் புதிதாக வந்தவளையோ ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவள் ஓடலாம், தொடலாம், கத்தலாம். அவுட் ஆனாலும் கணக்கில்லை. அந்தப் பிள்ளைக்கு ஆட்டத்தின் நடுவிலேயே நின்று விதிகளைக் கற்க இடம் கிடைக்கிறது. ஆடுபவர்களுக்கும் ஆட்டம் கெடுவதில்லை. கோர்சாரோ கண்ட சிக்கலுக்குத் தமிழ்க் குழந்தைகள் கண்ட தீர்வு இது. உடற்கல்வி வகுப்பில் ஆள் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்று புதியவரை உட்கார வைக்கும் ஆசிரியர் இந்த ஏற்பாட்டை நினைவில் கொள்ளலாம்.

பழைய பெயர் தொடர்கிறதா?

இடம் மாறினால் குழந்தைக்குப் புதுத் தொடக்கம் கிடைக்கும் என்று சில பெற்றோர் நம்புகிறார்கள். பழைய பள்ளியில் ஒதுக்கப்பட்டவன் புதிய பள்ளியில் சரியாகிவிடுவானா? ஜான் காய், ஜேனிஸ் குப்பர்ஸ்மிட் இருவரும் 1983-இல் இதற்கு விடை தேடினார்கள். நான்காம் வகுப்புப் பையன்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்தார்கள். சில குழுக்களில் எல்லோரும் ஒரே வகுப்பு. சிலவற்றில் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். பலருக்கும் பிடித்தவன், வெறுக்கப்பட்டவன், கண்டுகொள்ளப்படாதவன் என எல்லா வகையினரும் ஒவ்வொரு குழுவிலும் இருந்தார்கள். வாரம் ஒருமுறை கூடிய அந்தக் குழுக்களில், அறிமுகமில்லாதவர்களுக்கு நடுவிலும்கூட மூன்று சந்திப்புகளுக்குள் பழைய நிலை திரும்பிவிட்டது. சண்டை போட்டு வெறுக்கப்பட்டவன் அங்கேயும் சண்டை போட்டு வெறுக்கப்பட்டான்.

ஒரு வகையினர் மட்டும் விதிவிலக்கு. பழைய வகுப்பில் யார் கண்ணிலும் படாமல் இருந்த பையன்கள் புதிய குழுவில் முன்பைவிடக் கலகலப்பாகப் பழகினார்கள். பெயர் கெடாத, ஆனால் பெயரே இல்லாத பிள்ளைக்கு இடமாற்றம் ஒரு வாய்ப்பு. அடிக்கிற, பிடுங்குகிற பிள்ளைக்குப் பள்ளியை மாற்றுவது மருந்தாகாது. அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் பெரியவர்கள் உதவ வேண்டும்.

இன்னொரு கவலைக்கும் ஆய்வு ஆறுதல் தருகிறது. பிள்ளைக்கு நிறைய நண்பர்கள் வேண்டும் என்பதில்லை. ஜெஃப்ரி பார்க்கர், ஸ்டீவன் ஆஷர் 1993-இல் காட்டியதுபோல, வகுப்பில் பலராலும் விரும்பப்படுவது வேறு, ஒரு நல்ல சிநேகிதம் இருப்பது வேறு. வகுப்பு பெரிதாகப் பொருட்படுத்தாத பிள்ளைகளில் பலருக்கும் நெருங்கிய நட்பு இருந்தது. அந்த நட்பு உள்ளவர்கள் தனிமையைக் குறைவாகவே உணர்ந்தார்கள். அந்த ஒருவர் ஏற்கெனவே தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. கேரி லாட் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பே பழகிய பிள்ளைகள் வகுப்பில் இருந்த மழலையர் பள்ளியை அதிகம் விரும்பினார்கள்.

மொழி தெரியாத இடத்தில்

ஒடிசா, பிகார், ஜார்க்கண்டிலிருந்து தமிழ்நாட்டுக் கட்டுமானத் தளங்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வரும் பிள்ளைகளுக்கும், டொராண்டோவுக்கோ லண்டனுக்கோ போய் இறங்கும் ஈழத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு தடை கூடுதல். கலிஃபோர்னியாவில் லில்லி வாங் ஃபில்மோர் என்ற மொழியியலாளர் ஸ்பானிய மொழி பேசும் ஐந்து குழந்தைகளை ஒரு பள்ளி ஆண்டு முழுக்கக் கவனித்தார். ஒவ்வொருவருக்கும் ஆங்கிலம் பேசும் ஒரு விளையாட்டுத் துணை. மிக வேகமாக மொழியைப் பிடித்த சிறுமி, புரியாவிட்டாலும் புரிந்ததுபோல் ஆட்டத்தில் கலந்துகொண்டாள். நாலைந்து சொற்றொடர்களை அப்படியே பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் பயன்படுத்தினாள். மிச்சத்தைத் தோழி பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாள். மொழி வந்த பிறகு நட்பு என்று நாம் எண்ணுகிறோம். இந்தக் குழந்தைகளிடம் நட்புக்காகவே மொழி வந்தது. புதிய மாணவனை முதலில் தனியே உட்கார வைத்து அ, ஆ எழுதச் சொல்லும் பள்ளி இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது.

அடுத்த வீடு, தெரு, தண்ணீர்க் குழாய்

நட்பில் இடத்தின் பங்கை முதலில் அளந்து காட்டியவர்கள் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. குடியிருப்பில் திருமணமான மாணவர் குடும்பங்களை ஆராய்ந்து 1950-இல் நூலாக்கினார்கள். அடுத்த வீட்டில் இருந்தவர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கியவர்களாகச் சொல்லப்பட்டார்கள்; இரண்டு வீடு தள்ளி 22 சதவீதம்; அதே தளத்தின் மறுகோடியில் 10 சதவீதம். பெரியவர்களுக்கே சில அடி தூரம் இவ்வளவு வேறுபாட்டைத் தருகிறது. சூரிச்சில் மார்கோ ஹூட்டன்மோசர் ஐந்து வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தார். வாகனப் பயமில்லாமல் வாசலில் தனியே விளையாட முடிந்த குழந்தைகளுக்கு அக்கம்பக்கத்தில் கூடுதல் விளையாட்டுத் தோழர்கள் இருந்தார்கள். பெரியவர் கையைப் பிடித்துப் பூங்காவுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த அளவு அமையவில்லை.

கூடிச் செய்யும் வேலையின் ஆற்றலைக் காட்டியவர் முசாஃபர் ஷெரிஃப். 1949-இல் கனெக்டிகட் மாநிலக் கோடை முகாமில் பையன்களை முதலில் இஷ்டம்போல் நண்பர்களாக விட்டார். பிறகு நண்பர்களைப் பிரித்து வெவ்வேறு குழுவில் போட்டார். சேர்ந்து சமைத்து, சேர்ந்து கூடாரம் அடித்த சில நாட்களிலேயே பெரும்பாலோர் புதிய குழுவினரையே தம் நண்பர்களாகச் சொன்னார்கள். 1954-இல் ஒக்லஹோமா முகாமில் பகைகொண்டிருந்த இரு குழுக்களை, தண்ணீர்க் குழாய்க் கோளாறை இருவரும் சேர்ந்து தேட வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தார். அதுபோன்ற வேலைகளால் பகை படிப்படியாகத் தணிந்தது. பையன்களுக்குத் தெரியாமல் அவர்களைத் தூண்டிவிட்ட முறைக்காக ஷெரிஃப் பிற்காலத்தில் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். ஆனாலும் சேர்ந்து உழைப்பதில் உறவு பிறக்கிறது என்ற முடிவு நின்றுவிட்டது.

சென்னை சொல்வது

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியது. 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்த குடும்பங்களை வாரியம் பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்துக்கு அனுப்பத் தொடங்கியது. 2000-இல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் எட்டு மாடிக் கட்டடங்களோடு பெரும்பாக்கம். கண்ணகி நகர் – எழில் நகர் பகுதியில் இருபதாயிரத்துக்கும் மேல் வீடுகள். பெரும்பாக்கத்திலும் ஏறக்குறைய அதே அளவு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கரையோரக் குடும்பங்கள் கல்வியாண்டின் நடுவிலேயே இங்கே கொண்டுவரப்பட்டன. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது பொதுத் தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன.

மேலே கண்ட மூன்று விஷயங்களையும் இங்கே பொருத்திப் பாருங்கள். முதலில் இடம். வீடுகள் குலுக்கலில் ஒதுக்கப்படுகின்றன. ஒரே சந்தில் எதிரெதிர் வாசலில் வளர்ந்த பிள்ளைகள் வெவ்வேறு பிளாக்குக்கும் மாடிக்கும் போய்விடுகிறார்கள். லாட் சொன்ன "தெரிந்த முகம்" அரசின் கையாலேயே கலைக்கப்படுகிறது. ஆறாவது மாடியில் இருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு வாசல் என்று ஒன்று இல்லை. அதன் கண்ணெதிரே தெருவும் இல்லை. அடுத்தது நேரம். பழைய பள்ளியை விடாத பிள்ளைக்குக் காலையும் மாலையும் பேருந்தில் கரைகிறது. பழைய நண்பர்களோடும் ஆட முடியாது, புதியவர்களோடும் ஆட முடியாது. மூன்றாவது, சேர்ந்து செய்யும் வேலை. பல கரைகளிலிருந்து வந்தவர்கள் "நீ எந்த ஏரியா?" என்று கேட்டு அணி பிரிந்தால் அந்தப் பிரிவை உடைக்கப் பொதுவான காரியம் ஒன்று வேண்டும்.

அகமதாபாத் இதற்கு ஓர் எச்சரிக்கை. அங்கே 1987-இல் உழைக்கும் பெண்களுக்குக் குலுக்கலில், நகர மையத்திலிருந்து 12 கி.மீ. தள்ளி வீடுகள் கிடைத்தன. ஷாரன் பார்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே 14 ஆண்டுகள் கழிந்த நிலையை ஆராய்ந்தார்கள். வீடு கிடைத்தவர்களில் 34 சதவீதம் பேர் குடியேறவே இல்லை. 32 சதவீதம் பேர் வந்து பிறகு வெளியேறிவிட்டார்கள். வீடு நன்றாக இருந்தது; வருமானம் உயரவில்லை; உறவிலிருந்தும் சுற்றத்திலிருந்தும் தனிமைப்பட்டார்கள். வாடகை உதவி பெற்ற அமெரிக்கப் பிள்ளைகள் வசதியான சுற்றத்துக்குள் போனார்கள். சென்னையில் வறுமையோடு வறுமை சேர்க்கப்பட்டு, சுற்றமும் அறுக்கப்பட்டது.

கண்ணகி நகரிலேயே நம்பிக்கை தரும் சான்றும் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். பதக்கம் கிடைக்காத நூறு பிள்ளைகளுக்கும் கபடி மைதானம் தரும் பயன் பெரிது. கபடி ஆட ஏழு பேர் வேண்டும், எதிரணிக்கு இன்னும் ஏழு பேர் வேண்டும். தினமும் ஆள் தேவைப்படும் இடத்தில் புதிதாக வந்த பிள்ளைக்குக் கதவு திறந்தே இருக்கும்.

செய்ய வேண்டியவை

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 5-ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. புதிய பள்ளியில் பெஞ்சு கிடைக்கச் சட்டம் வழிசெய்துவிட்டது. பெஞ்சில் பக்கத்தில் யார் என்பதை மனிதர்கள்தான் பார்க்க வேண்டும்.

வாரியம் செய்யக் கூடியவை இரண்டு. குடும்பங்களை மாற்றியே ஆக வேண்டுமென்றால் தேர்வுகள் முடிந்த பிறகு, கோடை விடுமுறையில் மாற்றுவது. குலுக்கலைத் தனி வீடுகளுக்கு நடத்தாமல், ஒரு சந்தில் வாழ்ந்தவர்களை ஒரே தளத்துக்குச் சேர்த்து அனுப்புவது. இதற்குக் கூடுதல் சிமெண்ட் வேண்டாம், ஒதுக்கீட்டுப் பட்டியலை வேறு விதமாக எழுதினால் போதும்.

பள்ளி செய்ய வேண்டியது, புதிய பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்திப் பேசச் சொல்வதை விட்டுவிட்டு, முதல் வாரமே ஒரு சிறு குழுவில் ஒரு பொறுப்பைக் கொடுப்பது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் குழுக்களாக உட்கார்ந்து வேலை செய்த அனுபவம் நம் ஆசிரியர்களுக்கு உண்டு. ஏழாம், எட்டாம் வகுப்பில் வந்து சேரும் மாணவர்மீது கூடுதல் கண் வேண்டும். டென்மார்க் கணக்கு காட்டும் வயது அது.

பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பழைய நண்பனோடு தொலைபேசியில் பேச விடுங்கள். அது புதிய நட்பைக் கெடுக்காது. ஒரு வாரம் பிள்ளை ஓரத்தில் நின்று பார்த்தால் பதறாதீர்கள். அது கற்கும் நேரம். ஒரு மாதமாகியும் ஓரத்திலேயே நின்றால் ஆசிரியரிடம் பேசுங்கள். வகுப்பில் ஒரு பெயரைப் பிள்ளை இரண்டு முறை சொன்னால் அந்தப் பிள்ளையை ஞாயிறன்று வீட்டுக்கு அழையுங்கள். டியூஷனை மாலை ஆறுக்குத் தள்ளி வையுங்கள். தெருவில் பிள்ளைகள் ஆடும் நேரம் நான்கரையிலிருந்து ஆறு வரைதான்.